ஹார்ட் பூட்டில் இன்டெக் ஹீல்: மேசையில் சரி, காலில் போட்டால் பின்கள் உள்ளே போகின்றன

பலகைப்பித்தன் (சூரிக்)

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை ஸ்னோபோர்டை எஃப்2 ரேஸ் டைட்டானியம் பைண்டிங்கில்தான் (பூட்டைப் பலகையோடு பிடிக்கும் கருவி), அதாவது முன்னும் பின்னும் கம்பி வளையம் வைத்து மாட்டும் பெயில் முறையில்தான் ஓட்டிவந்தேன். பூட், டீலக்ஸ் ட்ராக் 425, கெட்டி பிளாஸ்டிக் ஷெல் உள்ள ஹார்ட் பூட். லிஃப்ட் ஏறும் ஒவ்வொரு தடவையும் குனிந்து பின்னங்காலைக் கழற்றுவதும், மேலே போய் மறுபடி குனிந்து மாட்டுவதும் முதுகுக்கு ஒத்துவரவில்லை. அதனால் எஃப்2 இன்டெக்குக்கு மாறுகிறேன். இது ஸ்டெப்-இன் முறை: குதிகாலை மிதித்தாலே ஹீலின் இரண்டு பக்கப் பின்களும் பைண்டிங்கின் துளைகளில் மாட்டிக்கொள்ளும், பூட்டின் மேலே உள்ள கைப்பிடியை இழுத்தால் கழலும். பூட்டின் பழைய ஹீலைக் கழற்றிவிட்டு இன்டெக் ஹீலைப் பொருத்தியாகிவிட்டது.

சிக்கல் இதுதான். வெறும் பூட்டை மேசையில் வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் பின்கள் நன்றாக வெளியே நிற்கின்றன. கைப்பிடியை இழுத்தால் உள்ளே போகின்றன, விட்டால் டக்கென்று வெளியே வருகின்றன. ஆனால் பூட்டைக் காலில் போட்டு, பக்கிள் எல்லாம் இறுக்கி, முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால், இரண்டும் கொஞ்சம் உள்ளே இழுபடுகின்றன. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொன்னார். ஒரு மில்லிமீட்டர் இருக்கலாம், கூடவும் இருக்கலாம். இது சகஜம்தானா, இல்லை இதோடு மலைக்குப் போகக்கூடாதா?

பட்டறைமேசை (இன்ஸ்ப்ரூக்)

இதோடு போகாதீர்கள். காலில் போட்டுச் சாய்ந்து பார்த்தீர்களே, அதுதான் சரியான சோதனை. பலர் மேசையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்று சொல்கிறேன். ஹீலுக்குள் இருக்கும் ஸ்பிரிங் இரண்டு பின்களையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அவற்றை உள்ளே இழுப்பது கேபிள். அந்தக் கேபிளின் ஒரு முனை பாதத்துக்கு அடியில், மறு முனை கணுக்காலுக்கு மேலே கஃபில், அதாவது காலைச் சுற்றிப் பிடிக்கும் பூட்டின் மேல்பகுதியில். கஃப் கணுக்கால் மட்டத்தில் உள்ள இரண்டு ரிவெட்டில் ஆடுகிறது. நீங்கள் முன்னால் சாயும்போது கஃபின் முன்புறம் கீழே இறங்குகிறது, முதுகுப்புறம் மேலே எழும்புகிறது. கேபிள் அந்த முதுகுப்புறமாக ஏறுவதால், ஹீலுக்கும் கைப்பிடிக்கும் நடுவே உள்ள தூரம் கூடுகிறது. கேபிளில் தளர்வு இல்லை என்றால், யாரும் கைப்பிடியைத் தொடாமலேயே பூட் தன் பின்களைத் தானே இழுத்துக்கொள்ளும். அதுவும் எப்போது? திருப்பத்தில் நீங்கள் மிக ஆழமாக உட்கார்ந்திருக்கும்போது. விளிம்பில் மொத்த விசையும் ஏறியிருக்கும் நேரம் அது.

ஆல்பைன் பிளேட் பைண்டிங்கில் ஸ்கீ பைண்டிங் மாதிரி விழும்போது விடுவிக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. இரண்டு கால்களும் பலகையோடு இருக்கவேண்டும் என்பதே கணக்கு. ஒரு கால் மட்டும் கழன்று மற்ற கால் பலகையில் மாட்டியிருந்தால், முழு பலகையும் அந்த ஒரு காலைத் திருகும். முழங்கால் தாங்காது. அதனால் இந்த ஒரு மில்லிமீட்டரை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்று விஷயம் சொல்லுங்கள். கைப்பிடி பக்கம் கேபிளை எவ்வளவு நீளம் விட்டிருக்கிறீர்கள்? கஃப் எவ்வளவு முன்னால் சாயலாம் என்று வைக்கும் பின்பக்க லாக் எந்த நிலையில் இருக்கிறது? உள்ளே லைனரை (மெத்தென்ற உள்பூட்டை) எடுத்துவிட்டுப் பார்த்தால் கேபிள் எந்த வழியாக மேலே வருகிறது?

கொலராடோ_வாசி

எனக்குத் தெரிந்து கேபிள் டைட்டாக இருப்பதுதான் நல்லது. தளர்வாக விட்டால் கைப்பிடி தொங்கி ஆடும், பேன்ட்டில் மாட்டும், லிஃப்ட் நாற்காலியில் சிக்கும். மேலும், இழுத்தால் பின்கள் முழுசாக உள்ளே போகாது. கீழே லிஃப்ட் வரிசையில் எல்லோரும் காத்திருக்க, நீங்கள் கழற்ற முடியாமல் நிற்பீர்கள்.

பட்டறைமேசை

இரண்டாவது சொன்னது உண்மைதான். தளர்வு அதிகமானால் கையின் இழுப்பு பாதிக்கு மேல் அந்தத் தளர்வை எடுப்பதிலேயே போய்விடும். ஆனால் இந்த இரண்டு தவறும் சமம் இல்லை. தளர்வு கூடினால் கழற்றக் கஷ்டம். தளர்வு குறைந்தால் ஓட்டத்தின் நடுவில் கழன்றுவிடும். எந்தப் பக்கம் சாய்வது என்பதில் சந்தேகமே வேண்டாம்.

நான் அளவு வைக்கும் முறை இது. பூட்டைக் காலில் போட்டு, ஓட்டும்போது இறுக்குகிற அளவுக்கே பக்கிளை இறுக்கச் சொல்வேன். கஃப் லாக்கை, முன்னால் அதிகம் சாய விடும் நிலைக்கு மாற்றச் சொல்வேன். முடிந்தவரை முன்னால் சாய்ந்த அந்த நிலையில், கைப்பிடியைத் தொட்டால் கேபிள் லேசாக ஆடவேண்டும். அந்த ஆட்டம் இருக்கிற இடத்தில் முடிச்சையோ பிடிப்பையோ வைப்பேன். பிறகு நிமிர்ந்து நின்று இழுத்துப் பார்ப்போம். பின்கள் ஹீலின் பக்கச் சுவரோடு சமமாக உள்ளே போனால் வேலை முடிந்தது. போகவில்லை என்றால், கேபிளைச் சுருக்குவதற்கு முன் அது வருகிற பாதையைத்தான் பார்க்கவேண்டும். எங்கோ வளைந்து சுற்றி வருவதால் நீளம் வீணாகியிருக்கும்.

கைப்பிடி ஆடுவதற்குத் தீர்வு எளிது. கஃபின் மேல் பட்டையில் ஒரு வெல்க்ரோ துண்டு போதும்.

நீலவிளிம்பு (ஆஸ்லோ)

என் பூட் சைஸ் 23.5. சின்ன பூட்டில் இதே பிரச்சினை தலைகீழாக வரும். கஃப் உயரம் குறைவு, கேபிள் மிச்சம் நிறைய. எனக்கு மாட்டிக்கொடுத்தவர் மிச்சத்தை லைனருக்குப் பின்னால் சுருட்டி வைத்துவிட்டார். குதிகாலுக்கு மேலே அந்தச் சுருள் குத்தி, நரம்பு பக்கம் வீங்கிவிட்டது. மிச்சமான கேபிள் பூட்டுக்குள் இருக்கவே கூடாது, வெளியே கைப்பிடி பக்கம்தான் எடுக்கவேண்டும். சின்ன கால் உள்ள பெண்கள் யாராவது இதைப் படித்தால் கவனித்துக்கொள்ளுங்கள்.

பட்டறைமேசை

ஆமாம் அக்கா, மிக முக்கியமான விஷயம். வெட்டுவதாக இருந்தால் நுனியை உடனே மூடிவிடவேண்டும். இல்லாவிட்டால் இழைகள் பிரிந்து விரலைக் கிழிக்கும், அப்புறம் அங்கிருந்தே கேபிள் நைந்துபோக ஆரம்பிக்கும்.

பலகைப்பித்தன்

பதில்களுக்கு மிக்க நன்றி. லைனரை எடுத்துப் பார்த்தேன். கஃப் லாக் நடு நிலையில் இருக்கிறது. கேபிள், ஹீலிலிருந்து ஷெல்லில் உள்ள துளை வழியாக உள்ளே வந்து, பாதப் பலகையின் (லைனருக்கு அடியில் இருக்கும் தட்டு) ஓரமாக ஏறி, ஷெல்லுக்கும் லைனருக்கும் நடுவில் மேலே போகிறது. பாதப் பலகையின் பின் விளிம்பு அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறது போலத் தெரிகிறது. கேபிளில் அந்த இடத்தில் ஒரு பளபளப்பான தழும்பு.

பட்டறைமேசை

கிடைத்துவிட்டது. உங்கள் எடை குதிகாலில் ஏறும்போது பாதப் பலகை அழுந்துகிறது, அது கேபிளை அழுத்துகிறது, கேபிள் இழுபடுகிறது. மேசையில் பூட்டுக்குள் எடை இல்லை, அதனால் அங்கே எதுவும் தெரியவில்லை. சாய்வதால் கூடும் நீளமும் சேர்ந்துகொள்கிறது.

பாதப் பலகையை எடுத்துவிட்டு, கேபிள் தானாக எந்த வழியில் படுக்க விரும்புகிறதோ அதைப் பாருங்கள். ஷெல்லின் அடியில் கேபிளுக்கான பள்ளம் இருந்தால் அதில் படுக்கவையுங்கள். இல்லை என்றால், பாதப் பலகையின் பின் விளிம்பில் கேபிள் தாராளமாகப் போகிற அளவுக்கு ஒரு வாய் வெட்டி, அரத்தால் முனையை மழுக்கிவிடுங்கள். ஷெல்லின் துளை விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். அச்சில் வார்த்த பிசிறு கத்தி மாதிரி நிற்கும், அதையும் எடுத்துவிடவேண்டும். தழும்பு விழுந்த கேபிளைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். இழை ஒன்றிரண்டு அறுந்திருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. புதுக் கேபிள் தனியாகக் கிடைக்கும்.

பழைய_ரைக்லே (வின்டர்தூர்)

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் பழைய ரைக்லே பூட் ஒன்று அலமாரியில் இருக்கிறது. கிரொய்ட்ஸ்லிங்கனில் ரைக்லே கம்பெனி இருந்த காலத்தது, பின்னால் அதன் ஸ்னோபோர்டு பூட் டீலக்ஸ் என்று மாறியதே, அதற்கு முந்தியது. இப்போது கிடைக்கும் இன்டெக் ஹீல் இதற்குப் பொருந்துமா? பார்க்க அச்சு அசல் டீலக்ஸ் மாதிரியேதான் இருக்கிறது.

பட்டறைமேசை

வடிவம் பொருந்த நல்ல வாய்ப்பு உண்டு, டீலக்ஸ் அந்த வழியில்தான் வந்தது. ஆனால் ஹீலைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஷெல்லைப் பாருங்கள் ஐயா. பாலியூரித்தேன் பிளாஸ்டிக் பயன்படுத்தாமல் அலமாரியில் இருந்தாலும் கெடும். காற்றில் உள்ள ஈரமே அதன் பிணைப்புகளை மெல்ல உடைக்கிறது. வெளியே புதுசு மாதிரி மின்னும். குளிரில் போட்டு முதல் தடவை அழுத்தினால் பிஸ்கட் மாதிரி நொறுங்கும்.

பழைய ஹீலைக் கழற்றி, திருகுத் துளைகளைச் சுற்றி நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். துளையிலிருந்து நட்சத்திரம் போல் மெல்லிய கோடுகள் கிளம்பியிருந்தாலோ, வளைத்துப் பார்க்கும்போது வெள்ளையாக மாறினாலோ, அந்தப் பூட்டில் எந்த ஹீலும் வேண்டாம். பெயில் பைண்டிங்கிலும் வேண்டாம். ஸ்டெப்-இன்னில் மொத்தப் பிடியும் அந்த நாலைந்து திருகுகள் வழியாகத்தான் பூட்டுக்குப் போகிறது. பெயிலில் கம்பி, பூட்டின் வெளி விளிம்பை நேரடியாகப் பிடிக்கிறது. அதனால் பழைய பூட்டுக்கு ஸ்டெப்-இன் இன்னும் கடுமையான சோதனை.

பழைய_ரைக்லே

பார்த்தேன். இரண்டு துளைகளில் கோடுகள் இருக்கின்றன. மனசு கேட்கவில்லை, ஆனால் விட்டுவிடுகிறேன். நன்றி.

சப்போரோ_பனி

ஹீல் வாங்கும்போது பூட்டின் பெயரையும் மாடலையும் கடையில் கட்டாயம் சொல்லுங்கள். யூபிஇசட் என்ற இன்னொரு கம்பெனியின் பூட்டுக்கு அதற்கென்று தனி ஹீல் இருக்கிறது. டீலக்ஸுக்கான ஹீலை அதில் வைத்தால் கிட்டத்தட்ட உட்காரும், அந்தக் ‘கிட்டத்தட்ட’தான் ஆபத்து. ஸ்கீ பூட்டுக்கு இதெல்லாம் பொருந்தவே பொருந்தாது. ஜப்பானில் ஹார்ட் பூட் ஓட்டுகிறவர்கள் இன்னும் நிறைய இருப்பதால் இங்கே பழைய சாமான்களும் நிறைய விற்பனைக்கு வருகின்றன. அதில் கலந்துகட்டி மாட்டிய பூட்களையும் பார்க்கிறேன். பழசு வாங்கினால் ஹீலைக் கழற்றிப் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

இன்னொரு கேள்வி: திருகுகளுக்கு லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) போடவேண்டுமா? ஒருவர் போடு என்கிறார், ஒருவர் பிளாஸ்டிக் வெடிக்கும் என்கிறார்.

கொலராடோ_வாசி

போடவேண்டும். நான் சிவப்பு போடுகிறேன், ஒரு தடவைகூடத் தளர்ந்தது இல்லை.

பட்டறைமேசை

சிவப்பு வேண்டாம். 271 போன்ற சிவப்பு வகை சாதாரணத் திருப்புளிக்கு அவிழாது, அவிழ்க்க 250 டிகிரி வரை சூடு காட்டவேண்டும். பூட் அதற்குள் உருகிவிடும். என்றாவது ஒருநாள் ஹீல் தேய்ந்து மாற்றவேண்டி வரும், அப்போது திருகின் தலையை ட்ரில் போட்டு எடுக்கத்தான் முடியும்.

நீலம் போதும், 243 மாதிரி. அதையும் உலோகம் உலோகத்தைப் பிடிக்கும் மரையில் மட்டும், ஒரு சொட்டு. பிளாஸ்டிக் வெடிக்கும் என்று சொல்பவரும் தப்பாகச் சொல்லவில்லை. ஏபிஎஸ், பாலிகார்பனேட் போன்ற பிளாஸ்டிக்குகளில் இந்தத் திரவம் பட்டு, அங்கே இறுக்கமும் இருந்தால் விரிசல் விடும். வழிந்ததை உடனே துடைத்துவிடுங்கள். திருகு நேரடியாகப் பிளாஸ்டிக்கைக் கடிக்கும் இடத்தில் எதுவும் தேவையில்லை.

தளர்வதற்கு உண்மையான காரணம் பெரும்பாலும் பசை இல்லாதது அல்ல, ஹீல் சரியாக உட்காராததுதான். திருகு போடுவதற்கு முன் ஹீலைக் கையால் ஷெல்லில் அழுத்திப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கொஞ்சமாவது ஆடினால் எங்கோ ஒரு மேடு இருக்கிறது. ஹீலின் உட்புறத்தில் சாக்பீஸ் தடவி அழுத்தினால் ஷெல்லில் மேடு உள்ள இடத்தில் மட்டும் வெள்ளை ஒட்டும். அந்த இடத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து மறுபடி பாருங்கள். ஆடுகிற ஹீலைத் திருகால் இழுத்து இறுக்கினால் அன்றைக்கு நிற்கும், ஒரு நாள் ஓட்டத்தில் மேடு நசுங்கி, திருகுகள் எல்லாம் ஒன்றாகத் தளரும்.

திருகுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி, முதலில் பாதி, பிறகு முழுசு என்று இறுக்குங்கள். ஹீலோடு வந்த திருகுகளைத் தவிர வேறெதையும் போடவேண்டாம். நீளம் கூடினால் உள்ளே பாதத்தைக் குத்தும், குறைந்தால் மரை இரண்டு சுற்றுதான் பிடிக்கும். தலையில் கூட்டல் குறிக்கு நடுவே சின்னச் சின்னக் கோடுகள் இருந்தால் அது போஸிட்ரைவ். சாதாரண நட்சத்திரத் திருப்புளி அதில் வழுக்கித் தலையை நாசமாக்கும். ஸ்கீ கடைகளில் இருக்கும் போஸிட்ரைவ் 3 பிட்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள். முதல் நாள் ஓட்டிவிட்டு வந்து மறுபடி ஒரு தடவை இறுக்கம் பாருங்கள்.

எங்கடீன்காரன்

இவ்வளவு வேலை இருக்கிறதே, அப்படியே பெயிலில் இருந்துவிட்டால் என்ன? நான் வேண்டுமென்று கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன். எங்கள் பக்கத்து ஸ்குவோலில் உலகக் கோப்பை பேரலல் ஜயன்ட் ஸ்லாலம் (இருவர் பக்கத்துப் பக்கத்தில் இறங்கும் ஸ்னோபோர்டு பந்தயம்) நடக்கும்போது போய்ப் பார்ப்பேன். அங்கே ஓட்டுகிறவர்கள் காலில் பெயில்தான் அதிகம். சுவிஸ் வீரர் நெவின் கால்மரீனி 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் இதில் தங்கம் வென்றபின் இங்கே சிறுவர்கள் நிறையப் பேர் ஆல்பைன் பலகைக்கு வந்தார்கள். அவர்களுக்கும் பயிற்சியாளர்கள் பெயிலையே மாட்டுகிறார்கள்.

பட்டறைமேசை

நியாயமான கேள்வி. பெயில் எளிமையானது, கண்ணால் பார்த்தாலே மாட்டியிருக்கிறதா இல்லையா என்று தெரியும், கம்பி கொஞ்சம் வளைந்து கொடுப்பதால் கால் பக்கவாட்டில் அசைய இடமும் உண்டு. ஸ்டெப்-இன்னில் ஹீல் இரண்டு எஃகுப் பின்களில் கோத்திருப்பதால் பக்கவாட்டு இறுக்கம் கூடுதல். சிலருக்கு அது பிடிக்கும், சிலருக்கு முழங்காலில் தெரியும். பாம்பர் கம்பெனி சைட்வைண்டர் என்று பக்கவாட்டில் ஆட விடும் பைண்டிங் செய்ததே இதனால்தான். அவர்களுடைய ஃபின்டெக் ஹீலும் இதே பின் முறைதான்.

போட்டிக்காரர் மேலே நிதானமாக உட்கார்ந்து மாட்டலாம், அவருக்கு நாள் முழுக்க லிஃப்ட் வரிசை கிடையாது. முதுகு வலிக்காரர், குனிய முடியாதவர், பின்னங்காலை நாளுக்குப் பல தடவை கழற்றுகிறவர், இவர்களுக்கு ஸ்டெப்-இன் பெரிய உதவி. சரியாகப் பொருத்தினால் நம்பலாம். சரியாகப் பொருத்த நேரம் இல்லை என்றால் பெயிலிலேயே இருங்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

பலகைப்பித்தன்

புதுக் கேபிள் போட்டாயிற்று. பாதப் பலகையில் வாய் வெட்டினேன், துளையின் பிசிறையும் எடுத்தேன். கைப்பிடி பக்கம் நீளம் விட்டு, முழுசாகச் சாய்ந்த நிலையில் லேசாக ஆடும்படி வைத்தேன். இப்போது எப்படிச் சாய்ந்தாலும் பின்கள் அசையவில்லை. வெர்னியர் வைத்துப் பார்த்தோம், நிமிர்ந்தாலும் சாய்ந்தாலும் ஒரே அளவு. இழுத்தால் முழுசாக உள்ளே போகின்றன. மிக்க நன்றி.

இனி பைண்டிங். பழைய பெயிலில் இருந்த அதே நீளத்துக்கு இதையும் வைக்கலாமா?

பட்டறைமேசை

வேண்டாம், புதிதாக வையுங்கள். ஹீல் மாறினால் பூட்டின் அடி நீளமும் உயரமும் கொஞ்சம் மாறியிருக்கும். பூட்டை முன் கம்பியில் செருகி, குதிகாலை இறக்குங்கள். லேசாக மிதித்ததும் இரண்டு பக்கமும் பின்கள் துளைக்குள் பாயவேண்டும். எம்பி எம்பி மிதித்தால்தான் மாட்டுகிறது என்றால் முன் கம்பி மிக நெருக்கம். அப்படி இறுக்கமாக இருந்தால் பின்கள் துளையின் சுவரில் உரசி, பாதி வழியில் நிற்கலாம். மாட்டிய பிறகு பூட்டின் மூக்கைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், முன்னால் இடைவெளி தெரிந்தால் கம்பி தூரம் அதிகம். இதை வீட்டுச் சூட்டில் ஒரு தடவை, வெளியே குளிரில் பூட்டை வைத்துவிட்டு இன்னொரு தடவை பாருங்கள்.

நீலவிளிம்பு

மலையில் பார்க்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். ஹீலின் அடியில் பனி உருண்டு கெட்டியாகிவிடும். அதோடு மிதித்தால் ஒரு பக்கம் மட்டும் மாட்டும், காதுக்கு டக் சத்தமும் கேட்கும். சத்தத்தை நம்பாதீர்கள். கம்பத்தின் மேலோ பலகையின் விளிம்பிலோ ஹீலைத் தட்டிவிட்டு மிதியுங்கள், பிறகு இரண்டு பக்கத் துளையிலும் பின்கள் தெரிகின்றனவா என்று கண்ணால் பாருங்கள், கடைசியில் குதிகாலை மேலே இழுத்துப் பாருங்கள்.

எங்கடீன்காரன்

கேபிள் மலையில் அறுந்தால் எப்படிக் கழற்றுவது? மேலே தனியாக நிற்கும்போது?

பட்டறைமேசை

பின்கள் வெளியேதான் நிற்கும், அதனால் ஓட்டத்தில் ஆபத்து இல்லை. கைப்பிடி பக்கம் அறுந்திருந்தால் மிச்ச நுனியைச் சின்னக் குறடால் பிடித்து இழுத்தாலே போதும். ஹீலுக்குப் பக்கத்திலேயே அறுந்திருந்தால், பக்கிளைத் திறந்து காலை பூட்டிலிருந்து வெளியே எடுத்துவிட்டு, பைண்டிங்கின் பின்பக்கத் துண்டைப் பலகையோடு பிடிக்கும் திருகுகளை அவிழ்க்கவேண்டும். அதனால் பையில் அந்தத் திருகுக்கு ஏற்ற பிட்டும் ஒரு குறடும் எப்போதும் இருக்கட்டும். முடிந்தால் ஒரு புதுக் கேபிளும்.

வீட்டுக்கு வந்ததும் ஹீலை வெறும் தண்ணீரில் கழுவி, லைனரை எடுத்துக் காயவையுங்கள். வாகன நிறுத்தத்தில் தெளித்திருக்கும் உப்புதான் ஸ்பிரிங்கைத் துருப்பிடிக்க வைக்கிறது. கெட்டியான கிரீஸ் போடாதீர்கள், குளிரில் இறுகி பின்களைப் பிடித்துக்கொள்ளும், மணலையும் ஒட்டவைக்கும். காய்ந்த டெஃப்லான் ஸ்ப்ரே கொஞ்சம் அடித்தால் போதும்.

பலகைப்பித்தன்

குறடும் பிட்டும் பைக்குள் போயாயிற்று. சனிக்கிழமை ஃப்ளும்சர்பெர்க் போகிறேன். முதல் ஓட்டத்துக்கு அப்புறம் திருகுகளைப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.